ஞாயிற்றுக்கிழமை இறங்கிய கல்மூட்டை

ஹல்லவிக் குடாவில் அந்த மரம் வந்து ஒதுங்கியபோது அதன் தலை எங்கள் மணலில் கிடந்தது. வால் இன்னும் கனடாவை விட்டே புறப்படவில்லை. யார் கேட்டாலும் இப்படித்தான் சொல்லுவேன். பக்கத்தில் என் மனைவி கேட்டி இருந்தால் மட்டும், "நம்ம சர்ச் நீளம் இருந்தா அதிகம்" என்று ஒரு வெட்டு வெட்டுவாள். சர்ச் நீளமாகவே இருக்கட்டும். ஸ்காட்லாந்துக்கு மேற்கே, வரைபடத்தை மடிக்கிற இடத்தில் கிடக்கிறது எங்கள் தீவு. இங்கே மொத்தமே மூன்று மரம். மூன்றும் போதகர் வீட்டுச் சுவருக்குப் பின்னால் குனிந்து ஒளிந்துகொண்டிருக்கின்றன. காற்றின் கண்ணில் பட்டால் தொலைந்தன. அப்படிப்பட்ட இடத்தில், கணுவில்லாமல், நேராக, இரண்டு பேர் கட்டிப் பிடித்தாலும் அகப்படாத பருமனில் ஒன்று கடலிலிருந்து வந்து படுத்தால் அதை மரம் என்று சொல்லக் கூடாது. ராஜவருகை என்று சொல்ல வேண்டும்.

முதலில் பார்த்தது எஃபி அக்கா. அந்தக் குடாவில் இருப்பதே அவள் வீடு ஒன்றுதான். சமையலறை சன்னலைத் திறந்தால் மணல், மணலுக்கு அப்பால் கடல், கடலுக்கு அப்பால் ஒன்றும் இல்லை. அங்கே நிலவும் அமைதியில், கடல்நாய் ஒன்று பாறையில் புரண்டு படுத்தால் அதன் எலும்பு சொடுக்குவது கேட்கும். தபால்காரனாக இருந்த காலமெல்லாம் நான் அங்கே போனேன். பாதி நாள் அவளுக்குத் தபாலே இருக்காது, எனக்கு அவள் சுட்ட ஸ்கோன் ரொட்டி இருக்கும். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதை என் தலை ஏற்றுக்கொண்டது, கால்கள் ஏற்றுக்கொள்ளவில்லை. விடிந்ததும் அவை ஹல்லவிக்கைப் பார்த்து நடக்கத் தொடங்கிவிடும்.

அந்தப் புதன்கிழமையும் அப்படித்தான் போனேன். முந்தின இரவு மழையே இல்லாமல் அடித்த புயலில் என் கோழிகள் கூண்டோடு அடுத்த பஞ்சாயத்துக்குக் குடிபெயர்ந்திருந்தன. மேட்டில் ஏறிக் கீழே பார்த்தால், மணலின் நடுவே மரம். மரத்துக்குப் பக்கத்தில், இரவு உடைக்கு மேல் இறந்துபோன கணவரின் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் நின்று, எஃபி அக்கா கயிறு கட்டிக்கொண்டிருந்தாள். எழுபதைத் தாண்டியவள். நான் கத்திக்கொண்டே ஓடினேன்.

"தொட்டே, விரலை முறிச்சிருவேன்!" என்றாள், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

"ஒத்தாசைக்குத்தான்க்கா வந்தேன்!"

"ஒத்தாசையா? ஒரு விரல் வெச்சாலும் உனக்குப் பங்கு வந்துரும். பங்கு வந்தா அறுக்கணும். அறுத்த மரத்தை வெச்சு நான் என்ன பண்றது, பல்லு குத்தவா?"

எங்கள் ஊர்ச் சட்டம் அது. யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் பத்துக் கட்டளைக்கு அடுத்தபடி பதினோராவதாக எல்லோர் மனத்திலும் இருக்கிறது. கடல் இறங்கும்போது கரையில் பாசியை வரிசையாக விட்டுப் போகும். அந்தப் பாசிக்கோட்டுக்குக் கீழே கிடப்பது கடலுடையது. கோட்டுக்கு மேலே ஏற்றிவிட்டால் ஏற்றியவருடையது. பிறகு அது பத்து வருடம் அங்கேயே கிடந்து மட்கினாலும் வேறு யாரும் தொட மாட்டார்கள். ஒருவர் கயிறு போட்டு முயன்றுகொண்டிருக்கும்வரை இன்னொருவர் போட்டிக்கு வரக் கூடாது. ஆனால் கயிறு அறுந்து கடல் அதைக் கொண்டுபோனால், அடுத்த கரைக்காரருக்கு யோகம். கை வைத்தவர்களுக்கெல்லாம் சம பங்கு.

"எனக்குப் பங்கு வேண்டாம்னு இப்பவே சொல்லிடறேன்க்கா. கடல் சாட்சி."

"நீ சொல்லுவே. கேட்டி சொல்லுவாளா?"

யோசித்தேன். கோழிக்கூடு போன விஷயம் நினைவுக்கு வந்தது. கேட்டி சொல்ல மாட்டாள்.

"கையைப் பையில போடு, தபாலு" என்றாள் அக்கா. "ரெண்டு கையையும்."

கோட்டுப் பைக்குள் போட்டேன். அடுத்த ஒரு வாரத்துக்கு வெளியே எடுக்கவில்லை. எடுத்தால் கை தானாகப் போய் மரத்தைப் பிடித்துக்கொள்ளும் என்று எனக்கே பயம்.

அவளுக்கு அந்த மரம் முழுசாக எதற்கு என்று நான் கேட்கவில்லை. ஊருக்கே தெரியும். அவள் வீட்டுக்கும் சாலைக்கும் நடுவே ஓர் ஓடை. மழை இல்லாத நாளில் கல்லுக்குக் கல் தாவிக் கடந்துவிடலாம். மழை பெய்தால் அது ஓடை இல்லை, அமேசான். ஜனவரி வெள்ளம் நடைபாலத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. புதுப்பாலம் வரிசையில் இருக்கிறது என்று மாவட்ட அலுவலகத்தில் சொன்னார்கள். அந்த வரிசை தீவைச் சுற்றி மூன்று முறை வளைந்து நிற்கிறது. மாவட்ட நர்ஸ் எதிர்க்கரையில் நின்று, "நெஞ்சு படபடங்குதா?" என்று கூவுவாள். அக்கா இந்தக் கரையிலிருந்து, "உன் சத்தத்தைக் கேட்டா படபடங்குது!" என்று கூவுவாள். வைத்தியம் இப்படி நடந்தது.

கிளாஸ்கோவில் இருக்கும் மகள் மார்சலிக்கு விஷயம் போனது. அவளும் தாயைப் போலத்தான், பிடித்தால் பிடித்தது. "ஈஸ்டர் வரைக்கும் பார்ப்பேன்மா. அதுக்குள்ள ஓடை மேல பாலம் இல்லேன்னா, காலிப் பெட்டியோட வருவேன். நீ என்கூட வந்துரணும்." மகள் குடியிருப்பது எட்டாவது மாடி. சன்னலைத் திறந்தால் கார் நிறுத்துமிடம் தெரியும். ஏதோ ஒரு மழை நாளில், நெஞ்சு கொஞ்சம் படபடத்த நேரத்தில், அக்கா சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டாள். கொடுத்த வாக்கை அவள் திரும்ப வாங்கியதாகச் சரித்திரம் இல்லை. ஈஸ்டருக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருந்தது.

"பாலம் வந்துருச்சு பார்த்தியா" என்றாள் அன்று, மரத்தைத் தட்டிக்கொடுத்து. "கொஞ்சம் நனைஞ்சிருக்கு, அவ்வளவுதான்."

மரத்தை எந்த மனிதக் கையாலும் அசைக்க முடியாது. அக்கா அசைக்கவும் முயலவில்லை. அமாவாசை நெருங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு முறையும் கடல் முந்தின முறையைவிடச் சற்று மேலே ஏறிவரும் நாள்கள் அவை. மணலுக்குப் பின்னால் ஒரு பாறைத் திட்டு இருக்கிறது. அந்தக் காலத்தில் படகை இழுத்தேற்ற அதன் உச்சியில் இரும்புக் கப்பி ஒன்றைப் பதித்திருந்தார்கள். மரத்தில் கட்டிய கயிற்றை அந்தக் கப்பி வழியாகக் கொடுத்துவிட்டு, பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். கடல் ஏறி மரம் மிதக்கும்போது கயிறு தளரும். தளர்ந்ததை இழுத்துக் கட்டுவாள். கடல் இறங்கும், மரம் முன்பைவிட இரண்டு எட்டு மேலே தரை தட்டிக் கிடக்கும். விடியலில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை. நடுவில் வந்து ரொட்டி சுடுவாள், கோழிக்குத் தீனி போடுவாள், என்னைத் திட்டுவாள்.

வியாழன் காலைக்குள் செய்தி தீவு முழுக்கப் பரவிவிட்டது. பரப்பியது யார் என்று கேட்காதீர்கள். மாலையில் மேட்டின் மேல் கூட்டம். ஆளாளுக்குக் குடுவையில் தேநீர், மடியில் ஓட்ஸ் ரொட்டி. எல்லோருடைய கையும் பையில். பையை வெட்டிப் பார்த்தால் ஒவ்வொருவர் விரலும் கயிற்றை இழுத்துக்கொண்டிருப்பது தெரிந்திருக்கும்.

கூட்டத்தில் ஒருவன் மட்டும் தேநீர் குடிக்காமல் கடலையே பார்த்துக்கொண்டிருந்தான். டோர்மட். அக்காவின் கணவருக்குத் தம்பி. முனைக்கு அந்தப் பக்கம் இருப்பது அவன் கரை. ஹல்லவிக்கிலிருந்து தப்பியோடும் எதுவும் அடுத்த ஓதத்தில், கடல் ஏறி இறங்கும்போது, முனையைச் சுற்றி அவன் கரைக்குத்தான் போய்ச் சேரும்: வாளி, துடுப்பு, ஒருமுறை என் தொப்பி. தொப்பியைக் கேட்கப் போனேன், பாசிக்கோட்டுக்கு மேலே எடுத்து வைத்திருந்தான். அவனுடைய ஆட்டுக் கொட்டகை முழுக்கக் கடல் கொடுத்த மரம். அதைப் பிரித்தால் ஒரு கடற்படை கட்டலாம். இப்போது அந்தக் கொட்டகைக்கு உத்தரம் உளுத்துப்போயிருந்தது.

சனிக்கிழமை மாலை அவன் திட்டுக்கு இறங்கி வந்தான். மரம் பாசிக்கோட்டுக்குக் கீழே பத்து எட்டுத் தூரத்தில் மிதந்துகொண்டிருந்தது.

"களைச்சுப் போயிட்டீங்களே அண்ணி" என்றான்.

"உனக்கு என்ன அக்கறை?"

"நல்லதுக்குத்தான் சொல்றேன். மார்சலி வீட்ல வெந்நீர் குழாய்லயே வருமாம். இந்தக் காத்துல எதுக்குக் கிடந்து..."

"என்ன சொல்ல வந்தியோ அதைச் சொல்லு டோர்மட்டு. முதுகு வலிக்குது எனக்கு."

அவன் தொண்டையைச் செருமினான். "நாளைக்குத்தான் வருஷத்துலயே பெரிய ஓதம். சாயங்காலம். நாளைக்கு என்ன கிழமைன்னு ஞாபகம் இருக்கில்ல?"

கூட்டம் தேநீரை விழுங்க மறந்தது. நாளைக்கு ஞாயிறு. எங்கள் தீவில் ஞாயிற்றுக்கிழமை துணி காயாது, படகு ஓடாது. என் பக்கத்து வீட்டுக்காரர் சேவலையே கூடையால் மூடி வைப்பார். கயிறு இழுப்பது பச்சையான வேலை. அதுவும் டோர்மட் சபை மூப்பர். ஞாயிற்றுக்கிழமை யார் வீட்டுப் புகைபோக்கியில் கூடுதலாகப் புகை வந்தாலும் மூக்கைத் தூக்கிப் பார்ப்பவன். நாளை இழுக்காவிட்டால், பெரிய ஓதத்தில் கயிறு தளர்ந்து, மரம் குறுக்கே போய், பாறை விளிம்பில் உரசி உரசிக் கயிறு அறுந்துவிடும். பிறகு முனையைச் சுற்றி ஒரு சின்னப் பயணம். இனி இத்தனை பெரிய ஓதம் இலையுதிர்காலத்தில்தான். அப்போது அக்கா கார் நிறுத்துமிடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

"ஞாபகம் இருக்கு" என்றாள் அக்கா. "ஓய்வுநாள். நான் ஓய்வெடுப்பேன்."

"அப்ப மரம்?"

"அதுவும் ஓய்வெடுக்கட்டும்."

அவன் சிரித்துக்கொண்டே போனான். அவன் தலை மேட்டுக்கு அப்பால் மறைந்ததும் அக்கா முக்காலியை விட்டு எழுந்தாள். இடுப்பில் ஒரு 'களுக்' சத்தம்; துப்பாக்கி வெடித்தது என்றே கூட்டத்தில் பாதிப் பேர் குனிந்துவிட்டார்கள். வீட்டுக்குள் போய்ப் பழைய மீன்வலை ஒன்றை இழுத்து வந்தாள். ஓடைப் பக்கம் போனாள். கல் பொறுக்கத் தொடங்கினாள்.

"என்னக்கா பண்றே?"

"சும்மா நிக்கிறவன் கேள்வி கேக்கக் கூடாது."

திட்டின் பின்பக்கம் ஈரப் புல் மண்டிய சரிவு, நேராக ஓடை வரைக்கும் இறங்கும். சரிவின் உச்சியில் வலையை விரித்து, அதில் கல்லைக் குவித்து மூட்டையாகக் கட்டினாள். தீவே ஒரு பக்கம் சாய்ந்துவிடுமோ என்று நான் கவலைப்படும் அளவுக்குக் கல். மூட்டைக்கு அடியில் பழைய மீன்பெட்டிப் பலகையைச் செருகினாள், வழுக்கிக்கொண்டு போக. கயிற்றின் மறுமுனையைக் கப்பியிலிருந்து கொண்டுவந்து மூட்டையில் கட்டினாள். விளக்கு ஏற்றும் நேரத்துக்குள் எல்லாம் முடிந்தது.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. மரம் தரையில் கிடக்கும்வரை கயிறு விறைப்பாக இருக்கும், மூட்டை அசையாது. மரம் மிதந்து கயிறு தளர்ந்தால் மூட்டை சரிவில் இறங்கும். இறங்கும்போது தளர்ச்சியை இழுத்துக்கொள்ளும். மனிதக் கை தேவையில்லை.

"அக்கா, கல் ஞாயித்துக்கிழமை வேலை செய்யலாமா?"

"கல் எந்தச் சபையிலயும் அங்கத்தினர் இல்லையே" என்றாள், கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு.

ஞாயிறு மாலை ஆராதனை அன்றுபோல் என்றும் நடந்ததில்லை. போதகர் ஐயா பிரசங்கத்துக்கு நோவாவின் வெள்ளத்தை எடுத்துக்கொண்டார். தண்ணீர் ஏற ஏறச் சபை முழுக்கக் கழுத்தைத் திருப்பிச் சன்னலைப் பார்த்தது. கடைசிச் சங்கீதத்தை நாங்கள் பாடிய வேகத்தில் தாவீது ராஜாவே மூச்சிரைத்திருப்பார். ஆமென் சொன்னதும் ஊர் மொத்தமும் நடைபழகக் கிளம்பியது. நடப்பது வேலை இல்லை. எல்லோரும் ஒரே திசையில் நடப்பதும் வேலை இல்லை.

கறுப்புக் கோட்டும் கறுப்புத் தொப்பியுமாக, கையைப் பையில் விட்டபடி, ஹல்லவிக் மேட்டில் ஊரே நின்றது. தூரத்தில் இருந்து பார்த்தால் நீர்க்காகங்கள் கூட்டம் போட்டதுபோல இருந்திருக்கும். அக்கா கறுப்பு உடையில், மடியில் சங்கீதப் புத்தகத்தோடு, கப்பிக்குப் பக்கத்தில் முக்காலியில் இருந்தாள். கடல் ஏறிக்கொண்டிருந்தது. என் வாழ்நாளில் அப்படி ஓர் ஓதத்தை நான் கண்டதில்லை. மீன்கள் எட்டி ஆட்டுப்புல்லை மேய்ந்தன.

மரம் ஒரு முனையைத் தூக்கியது. மறுமுனையைத் தூக்கியது. மிதந்தது. கயிறு தளர்ந்தது. சரிவில் கல்மூட்டை ஒரு முனகல் முனகி, மெல்ல இறங்கத் தொடங்கியது. மரமும் கரையை நோக்கி வந்தது.

"அண்ணி! இது வேலை!" என்று டோர்மட் கூவினான்.

"யாரு செய்யறா?"

"நீங்கதான்!"

"நான் உக்காந்திருக்கேன். அந்தக் கல்லுதான் இறங்குது. போய் அதைக் கண்டி. நீதானே மூப்பர்?"

கூட்டத்தில் யாரோ இருமினார்கள். ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊரில் சிரிப்பை அப்படித்தான் வெளியே விடுவோம். டோர்மட் போதகரைத் திரும்பிப் பார்த்தான். போதகர் வானத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

அப்போதுதான் அந்தச் சனியன் வந்தது. டோர்மட்டின் கிடா. தீவிலேயே பெரிய கிடா. அதன் கொம்பில் துணி காயப்போடலாம். எங்கிருந்தோ சரிவுக்கு வந்து, பாதி வழியில் இறங்கிக்கொண்டிருந்த மூட்டைக்கு நேர் முன்னால், காலை மடித்துப் படுத்துக்கொண்டது. மூட்டை அதன் விலாவில் முட்டி நின்றது. கிடா அசைபோட்டது.

மரம் நின்றுவிட்டது. அலை அதைத் தூக்கித் தூக்கிப் போட்டது. மெல்ல அதன் வால் குறுக்கே திரும்பத் தொடங்கியது. கயிறு பாறை விளிம்பில் உரசும் சத்தம் எங்களுக்குக் கேட்டது.

"டோர்மட்டு, உன் கிடாவைக் கூப்பிடு" என்றாள் அக்கா.

டோர்மட் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான். "ஞாயித்துக்கிழமை நான் ஆடு ஓட்டறதில்ல அண்ணி."

மேடு முழுக்கப் பெருமூச்சு. அவன் சொன்னதில் குற்றம் காண யாராலும் முடியாது. நான் இருந்த இடத்திலிருந்து கிடாவை நோக்கி விசிலடிக்க உதட்டைக் குவித்தேன். கேட்டி என் காலை மிதித்தாள். "பங்கு வரும்" என்றாள் பல்லுக்குள். "விசிலுக்குமா?" என்றேன். "இன்னிக்கு மூச்சு விட்டாலும் வரும். சும்மா இருங்க."

அக்கா கயிற்றைப் பார்த்தாள். ஒரு புரி அறுந்து சுருண்டது. எழுந்தாள். சங்கீதப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கினாள். அவசரமே இல்லாமல் சரிவில் இறங்கி, கல்மூட்டை அருகே போய் நின்றாள்.

"தொடாதீங்க!" என்றான் டோர்மட். "தூக்கினாலும் வேலை, தள்ளினாலும் வேலை!"

"தள்ளவும் இல்ல, தூக்கவும் இல்ல. வயசானவ, கால் வலிக்குது. ஓய்வுநாள்ல ஓய்வெடுக்க எடம் தேடறேன்."

பாவாடையைச் சீர்படுத்திக்கொண்டு, கல்மூட்டையின் மேல் உட்கார்ந்தாள்.

எஃபி அக்கா மெலிந்த பெண் அல்ல. ஆயுள் முழுக்கச் சொந்த ஸ்கோனைச் சாப்பிட்டவள். அவள் உட்கார்ந்ததும் மூட்டை ஒரு கணம் யோசித்தது; பிறகு கிளம்பியது. கிடா கண்ணை விரித்து எழுந்தது, திரும்பியது, ஓடியது. அது இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். பின்னாலேயே மூட்டை, மூட்டை மேல், நிமிர்ந்த முதுகோடு, தொப்பி கலையாமல், சங்கீதப் புத்தகத்தை மார்போடு அணைத்தபடி அக்கா. புல் சீறியது. கப்பி அலறியது. மறுபக்கம் அந்த மரம், கூப்பிட்ட நாயைப்போல, தலையைத் தூக்கிக்கொண்டு கரைக்கு ஓடி வந்தது. பெரிய அலை ஒன்று பின்னாலிருந்து அதைத் தூக்கிக் கொடுத்தது. பாசிக்கோட்டில் மூக்கை வைத்து, கரையோரமாகச் சரிந்து படுத்துக்கொண்டது.

மூட்டை ஓடைக் கரையில் போய் நின்றது. அக்காவின் காலணி நுனி தண்ணீரைத் தொட்டது.

டோர்மட், "போதகர் ஐயா! பார்த்தீங்களா?" என்றான்.

போதகர் வானத்திலிருந்து கண்ணை இறக்கினார். "அபூர்வமான பறவை டோர்மட். இந்தப் பருவத்துல இங்க வராது. அதையே பார்த்துக்கிட்டிருந்தேன். ஏன், என்ன ஆச்சு?"

அவ்வளவு பெரிய இருமல் எங்கள் தீவில் அதற்கு முன்போ பின்போ கேட்டதில்லை.

ஆனால் டோர்மட் லேசில் விடுகிற ஆள் இல்லை. திங்கள் விடிந்ததும் முதல் ஆளாக மணலில் நின்றான். நாங்களும் நின்றோம். மரம் ஞாயிற்றுக்கிழமைப் பாசியின் மேலேயே கிடந்தது, பாதி உள்ளே, பாதி வெளியே.

"கோட்டைத் தொட்டுக்கிட்டுக் கிடக்கு" என்றான். "தாண்டலை. வழக்கம் வழக்கம்தான். இதை அசைக்க உங்களால முடியாது அண்ணி. இனிமே இவ்வளவு தூரம் தண்ணியும் வராது."

"வராதில்ல?" என்றாள் அக்கா. முக்காலியைக் கொண்டுவந்து மரத்துக்குப் பக்கத்தில் போட்டாள். தேநீர்ச் சட்டியையும் கொண்டுவந்தாள். "அப்ப உக்காரு. சாயங்காலம் வரைக்கும் பார்ப்போம்."

"எதைப் பார்க்கணும்?"

"கடலைத்தான். உக்காருன்னா உக்காரேன்."

உட்கார்ந்தான். மாலையில் கடல் ஏறியது. ஏறி, ஏறி, மரத்துக்கு நாலு எட்டு முன்னாலேயே நின்றது. கொஞ்சம் நுரைத்தது. திரும்பிப் போனது. போகும்போது பாசியை வரிசையாக, புதிதாக, பளபளவென்று மணலில் விட்டுப்போனது. மரத்துக்குக் கீழே.

அக்கா எழுந்து போய்ப் புதிய கோட்டின் மேல் காலை வைத்து நின்றாள்.

"இது என்ன டோர்மட்டு?"

அவன் பாசியைக் காலால் நிமிண்டிப் பார்த்தான்.

"மரத்தை மேல ஏத்த என்னால முடியாது. சரி. அது இருந்த எடத்துலயே இருக்கட்டும். கோடுதான் கீழ இறங்கிருச்சே."

"நேத்துக் கோடு அங்க இருக்கே! அதுதான் கணக்கு!"

"நேத்தைக் கோடா? போன வருஷத்துக் கோடு என் கோழிக் கொட்டாய்கிட்ட இருக்கு. அந்தப் பெரும் புயல்ல வந்த கோடு சமையலறைச் சுவர்ல இருக்கு, காட்டவா? உன் கொட்டகையில நிக்குதே ஒரு பாய்மரம், அதை எந்தக் கோட்டைத் தாண்டி எடுத்தே? அன்னிக்கு இருந்த கோட்டைத்தானே? உங்க அண்ணனும் நானும் பக்கத்துல நின்னு பார்த்தோமே. முந்தின நாள் கோட்டைக் கேட்டோமா?"

டோர்மட் வாயைத் திறந்தான். மேட்டைப் பார்த்தான். ஊரே அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒவ்வொருவர் கொட்டகையிலும் அன்றன்றைக் கோட்டைத் தாண்டி எடுத்த மரம்தான் நின்றுகொண்டிருந்தது. அவன் சொல்வது சரியென்றால் தீவில் பாதிக் கூரைகளைக் கடலுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

வாயை மூடிக்கொண்டான். தொப்பியைக் கழற்றி, நெற்றியைத் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டான். "உங்க மரம் அண்ணி" என்றான்.

அந்த ஒரு சொல்லுக்காகவே நான் ஒரு வாரம் காத்திருந்தேன். பையிலிருந்து இரண்டு கையையும் எடுத்தேன். வெளிச்சம் பட்டு நாளாகியிருந்ததால் கூசியது. மேட்டிலிருந்து ஊரே இறங்கி ஓடி வந்தது. இப்போது யார் தொட்டாலும் பங்கு இல்லை, வெறும் ஒத்தாசைதான். ஆனால் நாற்பது கைகள் பிடித்தும் மரம் அசையவில்லை.

அக்கா டோர்மட்டைப் பார்த்தாள். "உன் டிராக்டர் சும்மாதானே நிக்குது?"

"என்னோட டிராக்டரா?"

"இல்ல, போதகரோடது. ஓடையில தண்ணி கம்மியா இருக்கறப்பவே கொண்டா. வர்றப்ப பெரிய சங்கிலியும் எடுத்துட்டு வா."

அவன் நின்றான். முணுமுணுத்தான். உளுத்துப்போன உத்தரத்தைப் பற்றி ஏதோ சொன்னான். செவ்வாய்க்கிழமை டிராக்டரோடு வந்தான்.

மரத்தை ஓடைக்குக் குறுக்கே போட்டு, இரண்டு கரையிலும் கல் வைத்து இறுக்கி, மேல் முகத்தைச் செதுக்கித் தட்டையாக்கினோம். கரைக்குக் கரை போக, வேண்டாத முனை ஓர் ஆள் நீளத்துக்கு நீட்டிக்கொண்டிருந்தது. அக்கா அதை அறுக்கச் சொன்னாள். அறுத்ததைக் காலால் டோர்மட் பக்கம் தள்ளினாள். "உத்தரத்துக்குப் பத்தாது. ஒட்டுப் போட்டுக்கோ." அவன் அதைத் தூக்கி டிராக்டரில் வைத்த வேகத்தைப் பார்த்தால், எங்கே மனசு மாறிவிடுவாளோ என்று பயந்தது தெரிந்தது.

"யாரு முதல்ல நடக்கறது?" என்று கேட்டி கேட்டாள்.

எல்லோரும் அக்காவைப் பார்த்தோம். அக்கா டோர்மட்டைப் பார்த்தாள்.

"நீதான். இந்த ஊர்லயே கனமான ஆளு நீ."

அவன் ஏறினான். நடு ஓடையில் போய் நின்றான்.

"குதி" என்றாள் அக்கா.

"குதிக்கணுமா?"

"நர்ஸ் பையோட வருவா. ம், குதி."

சபை மூப்பர் குதித்தார். தீவு குலுங்கியது, பாலம் குலுங்கவில்லை.

ஈஸ்டருக்கு மார்சலி வந்தாள், சொன்னபடியே இரண்டு காலிப் பெட்டிகளோடு. அன்று பேய் மழை. ஓடை கரையைத் தின்றுகொண்டு ஓடியது. எதிர்க்கரையில் நின்று அவள் பாலத்தை நெடுநேரம் பார்த்தாள். பெட்டியைக் கீழே வைத்து, ஒரு காலால் மரத்தை உதைத்துப் பார்த்தாள். இரண்டாவது முறை இன்னும் பலமாக உதைத்தாள். இந்தக் கரையில் அக்கா குடையில்லாமல், இடுப்பில் கை வைத்தபடி நின்றாள்.

"எங்கேருந்துமா வந்துச்சு இது?"

"வரிசையில இருந்துச்சில்ல, அது வந்துருச்சு" என்றாள் அக்கா. "மழையில நிக்காதே, உள்ள வா. பெட்டியையும் கொண்டா. நீ திரும்பிப் போறப்ப உப்பு மீன் வெச்சு அனுப்பணும்."

மகள் பாலத்தில் ஏறி நடந்து வந்தாள். அக்கா அவளைப் பார்க்கவில்லை. மகளின் தலைக்கு மேலே, கடலில், அலைகளுக்கு நடுவே நீளமாக, கறுப்பாக ஏதோ ஒன்று எழும்பி எழும்பித் தெரிவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தபாலு" என்றாள் என்னிடம், மெதுவாக. "பாலத்துக்குக் கைப்பிடி போட ஆகும்போல இருக்கே. கையைப் பையில போடு."